ஃபேர்வேயில் மாட்டிய பந்து: எடுக்கலாமா, அப்படியே அடிக்க வேண்டுமா?

டெல்டாவில் நிவாரணம் என்ற சொல்லைக் கேட்டாலே வி.ஏ.ஓ., அடங்கல், கணக்கெடுப்பு என்றுதான் மனசு போகும். கோல்ஃப் விதிநூலிலும் நிவாரணம் உண்டு, அதாவது மோசமாகக் கிடக்கும் பந்தை எடுத்து வேறு இடத்தில் போட அனுமதி. அங்கேயும் கணக்கெடுப்பு உண்டு. பயிர் எதனால் போனது என்று பார்க்காமல் பணம் வராது. பந்து எதனால் அப்படிக் கிடக்கிறது என்று பார்க்காமல் அதை எடுக்க முடியாது.

நான் பன்னிரண்டு வருஷம் கேடியாக ஆட்டக்காரர்களின் பை தூக்கியவன். இப்போது ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் ஸ்கோர் கார்டு வாங்கும் மேசையில் உட்காருகிறேன். எங்கள் மைதானம் ஒன்பது குழி. இரண்டு பக்கமும் வாய்க்கால், நடுவில் களிமண். ஐப்பசியில் சேறு, சித்திரையில் வெடிப்பு. குழிக்குப் போகும் வழியில் புல்லைக் குட்டையாக வெட்டி வைத்த பாதைதான் ஃபேர்வே. மேசைக்கு வரும் வழக்கு பெரும்பாலும் ஒன்றுதான்: "நல்லாத்தான் அடிச்சேன் தம்பி, ஃபேர்வே நடுவுலதான் விழுந்துச்சு. கிடந்த இடம்தான் மோசம். அதான் எடுத்து வச்சுட்டேன்." எடுத்து வைத்த பிறகு என்னிடம் கேட்டு என்ன பிரயோஜனம்?

அதனால் இதை எழுதி வைக்கிறேன். 2019-இல் மாற்றி எழுதி 2023-இல் திருத்திய விதிகள்தான் கணக்கு. அதற்கு முன்னால் ஆட்டம் கற்றவர்கள் பழைய ஞாபகத்தில் தோள் உயரத்திலிருந்து பந்தைப் போடுகிறார்கள். இப்போது முழங்கால் உயரம்.

## பந்தைத் தொடும் முன்

அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தீர்களா? மழைக்காலத்தில் கமிட்டி அன்றைக்கு மட்டும் உள்ளூர் விதி போட்டிருக்கலாம். அது இருந்தால் கீழே உள்ளவற்றில் பாதி தேவைப்படாது.

அடுத்து, நிவாரணம் எடுத்தால் பந்து எங்கே போய் விழும் என்பதை எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். தொந்தரவு முழுசாக நீங்குகிற மிக அருகான இடம்தான் உங்கள் இடம். அது ஃபேர்வேயாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை; முழங்கால் புல்லுக்குள் இருந்தாலும் அதுதான். எடுத்துவிட்டு, "ஐயோ, இதுக்கு அதுவே தேவலை" என்று திரும்ப வைத்தால் ஓர் அடி அபராதம், அதாவது உங்கள் கணக்கில் ஓர் அடி கூடும்.

செலவு மூன்று தினுசு. இலவச நிவாரணம், ஓர் அடி கொடுத்து வெளியே வருவது, ஓர் அடியும் கொடுத்து, முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போவது. இவை தவிர, தப்பான இடத்திலிருந்து அடித்தால் ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) இரண்டு அடி, மேட்ச் பிளேயில் (குழிக்குக் குழி ஜெயிக்கும் ஆட்டம்) அந்தக் குழியே போச்சு.

## அறிகுறி 1: பந்து மண்ணுக்குள் புதைந்திருக்கிறது

கார்த்திகை வரை எங்களுக்கு வரும் முதல் புகார் இதுதான். பார்க்க வேண்டியது இரண்டு. பந்து தான் வந்து விழுந்து உண்டாக்கிய தன் சொந்தக் குழியில் இருக்கிறதா? பந்தின் கொஞ்சமாவது தரைமட்டத்துக்குக் கீழே போயிருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் இலவசம். புல்லுக்குள் ஆழமாக உட்கார்ந்திருப்பது புதைந்தது ஆகாது. தரை உடைந்திருக்க வேண்டும்.

மேலிருந்து பார்த்தால் தெரியவில்லையா? எடுத்துப் பார்க்கலாம். ஆனால் இடத்தை அடையாளம் வைத்துவிட்டு இரண்டு விரலால் எடுங்கள், துடைக்காதீர்கள். போன ஐப்பசியில் ஏழாவது குழியில் ஒரு சார் சரியாக டீ என்கிற சின்ன முளையைக் குத்தி அடையாளம் வைத்தார், பந்தை எடுத்தார், பழக்கதோஷத்தில் இடுப்புத் துண்டில் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். குழியைப் பார்த்தால் அவருடைய பந்து போட்டதில்லை, காலையில் யாரோ போட்ட பழைய குழி. அடியில் தண்ணீர் ஊறி, ஓரம் காய்ந்திருந்தது. நிவாரணமும் இல்லை, துடைத்ததற்கு ஓர் அடியும் போயிற்று. துண்டைக் கேடியிடம் கொடுத்துவிட்டுக் குனியுங்கள் என்று அதிலிருந்து எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தன் குழிதான் என்று தெரிந்தால்: பந்துக்கு நேர் பின்னால் உள்ள புள்ளியிலிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள், கொடி நட்ட குழிக்கு நெருங்காமல், டிராப் செய்யுங்கள், அதாவது முழங்கால் உயரத்திலிருந்து பந்தைக் கீழே விடுங்கள். கிளப் நீளம் என்றால், புட்டர் (கொடிக் குழி அருகே பந்தை உருட்டும் மட்டை) தவிர உங்கள் பையில் உள்ள மட்டைகளிலேயே நீளமானது, பெரும்பாலும் டிரைவர். பந்தைத் துடைத்துக்கொள்ளலாம், வேறு பந்தும் போடலாம்.

பந்தின் தலையில் அடி பட்டு, அதாவது டாப் ஆகி, எழும்பாமலே நேராகத் தரைக்குள் அமுங்கியதா? இல்லை. பறந்து வந்து விழுந்தால்தான் கணக்கு.

டிராப் செய்த பந்தே சேற்றில் சொருகிக்கொண்டதா? இதுவும் இல்லை. நீங்கள் அடித்து வந்த குழியில்லையே. வயிற்றெரிச்சல்தான், என்ன செய்ய?

யாராவது மிதித்து உள்ளே போனதா? மற்றவர் மிதித்திருந்தால் உங்களுக்கு அபராதம் கிடையாது. பந்து முன்பு இருந்த நிலைக்கு ஒத்த மிக அருகான இடத்தில், ஒரு கிளப் நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல் வைக்கலாம். தேடும்போது நீங்களே மிதித்திருந்தாலும் அபராதம் இல்லை. தேடாதபோது மிதித்தால் ஓர் அடி.

ஃபேர்வேக்கு வெளியே வளர்ந்த புல்லில், அதாவது ரஃபில், புதைந்தாலும் இப்போது இலவசம்தான். 2019-க்கு முன் ஃபேர்வேக்கு மட்டும் என்று இருந்ததால் பலர் இன்னும் கேட்கத் தயங்குகிறார்கள். கமிட்டி உள்ளூர் விதி போட்டு ஃபேர்வேயோடு நிறுத்தியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 2: காலடியில் சளசளவென்கிறது

ஈரம் வேறு, தண்ணீர் வேறு. நிற்பதற்கு முன்போ நின்ற பிறகோ தரைமேல் தண்ணீர் தேங்கி நிற்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். சேறாக இருக்கிறது, காலை அழுத்தினால் ஊறி வந்து மறைகிறது என்றால் போதாது. நாற்றங்கால் மிதிப்பதுபோல் கும்மு கும்மு என்று மிதித்துத் தண்ணீர் வரவழைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாதாரணமாக நில்லுங்கள். ஷூவைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறதா? நின்றால் இலவசம்.

பந்து மேட்டில் காய்ந்த இடத்தில் இருந்து, உங்கள் கால் மட்டும் தண்ணீரில் என்றாலும் நிவாரணம் உண்டு. இதைத் தெரியாமல் ஷூவை நனைத்துக்கொண்டு அடிக்கிறவர்கள்தான் அதிகம்.

வாய்க்கால் தண்ணீர் ஏறிவிட்டதா? வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்து, கல்லணை தாண்டி எங்கள் பக்கம் தண்ணீர் வந்துவிட்டால் மூன்றாவது குழியில் இந்தக் கேள்விதான். வாய்க்காலுக்குச் சிவப்புக் கம்பு நட்டு பெனால்டி ஏரியா, அதாவது அபராதப் பகுதி என்று குறித்திருக்கிறோம். தண்ணீர் கம்பைத் தாண்டி ஃபேர்வேக்குள் வந்து நின்றால், கம்புக்கு இந்தப் பக்கம் உள்ளது தற்காலிகத் தண்ணீர்; இலவசம். அந்தப் பக்கம் உள்ளது வாய்க்கால். எடுத்தால் ஓர் அடி. ஒரே தண்ணீர்தான், ஆனால் பார்ப்பது கம்பை. கோடும் போட்டிருந்தால் கோடுதான் எல்லை.

பந்தே தெரியவில்லையா? அந்தத் தேக்கத்துக்குள்தான் போனது என்பது நிச்சயமாகத் தெரிந்தால், அது கடைசியாக எந்த ஓரத்தைக் கடந்ததோ அதைக் கணக்காக வைத்து வேறு பந்தை இலவசமாக டிராப் செய்யலாம். "அங்கதான் போயிருக்கும்" என்ற ஊகம் செல்லாது. தேட மூன்று நிமிடம்.

மார்கழிப் பனி தண்ணீர் கணக்கில் வராது. பந்துக்குப் பின்னால் புல்லில் உள்ள பனியைக் கையால் வழிப்பதும் கூடாது, இரண்டு அடி.

## அறிகுறி 3: பந்து ஒரு குழியில் கிடக்கிறது

இங்கேதான் மூச்சை இழுத்து விட்டு நிதானமாகப் பார்க்க வேண்டும். குழி எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். யார் போட்ட குழி என்பதுதான் தீர்ப்பு.

கிளப் பெயர்த்த டிவட் குழியா? கிடையாது. ஃபேர்வே நடுவில் அழகாக அடித்து, முன்னால் போனவர் பெயர்த்த பள்ளத்தில் பந்து போய் உட்கார்ந்தால் அநியாயமாகத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனாலும் கிடக்கிறபடியே அடிக்க வேண்டியதுதான். பின்பக்க ஓரத்தைக் காலால் அமுக்குவது, மணலைத் தள்ளுவது, பெயர்ந்த புல்தட்டை எடுத்துப் பக்கத்துக் குழியில் பொருத்துவது எல்லாமே கிடையை, அதாவது பந்து கிடக்கும் நிலையை, மேம்படுத்துவதில் சேரும்; கூடாது. அடித்த பிறகு நிரப்புங்கள்.

எலி வளையா, பெருச்சாளியா, நாய் பறித்ததா? இலவசம். விலங்கு தோண்டிய எந்தக் குழிக்கும் உண்டு. வளை வாயில் தள்ளியிருக்கும் புது மண்ணும், உள்ளே போகும் தேய்ந்த தடமும், அடியில் தோண்டியதால் மேலே பொங்கிய இடமும் சேர்த்தி. வரப்போர ஃபேர்வேயில் அறுவடை முடிந்ததும் வயல் எலி இடம் மாறி வந்துவிடும். தை, மாசியில் நன்றாகப் பாருங்கள். ஒரு தடவை டிவட்டில் கிடந்த பந்துக்கு எலி புண்ணியம் கட்டிக்கொண்டது: அடிக்க நின்றவரின் இடது கால் சரியாக வளை வாயில். நிலை நியாயமானதாக இருந்ததால் இலவச டிராப், டிவட்டும் கூடவே போயிற்று. கால் எட்டாத வளையை எட்டிப் பிடிப்பதற்காகக் கோணலாக நின்றால் கொடுக்க மாட்டோம்.

மண்புழு, பூச்சி போட்ட துளையா? கிடையாது. அது தள்ளிய மண்ணை மட்டும் அகற்றலாம்.

மாட்டுக் குளம்பா? கிடையாது. தோண்டியதில்லை, மிதித்தது. இரவில் மாடு புகுந்து ஃபேர்வே முழுக்க உழுததுபோல் ஆகிவிட்டால் கமிட்டி அதற்குத் தனியாக உள்ளூர் விதி போடலாம். விடிந்ததும் போன் செய்யுங்கள்.

கோடை வெடிப்பா? களிமண் பாளம் பாளமாக வெடித்து, சித்திரையில் பந்து பாதி உள்ளே இறங்குகிற அளவு வாய் பிளந்துவிடும். கமிட்டி வெள்ளைக் கோடு போட்டு ஜி.யு.ஆர்., அதாவது செப்பனிடும் நிலம் என்று அறிவித்திருந்தால் இலவசம். கோடு இல்லையென்றால் இல்லை. கோடு போடச் சொல்லி ஆட்டத்துக்கு முன்னால் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆட்டத்தின் நடுவில் உங்கள் பந்துக்கு மட்டும் நாங்களாகப் போட முடியாது.

மைதான ஆட்கள் தோண்டியதா? குழாய் போட வெட்டியது, மரத்தூர் எடுத்தது, கம்பு பிடுங்கியது என்றால் கோடே இல்லாவிட்டாலும் ஜி.யு.ஆர். காற்றோட்டத்துக்குக் குத்திய சிறு துளைகள் சேராது. டிராக்டர் டயர் தடமும் தானாகச் சேராது.

## அறிகுறி 4: பந்தில் சேறு அப்பியிருக்கிறது

எடுக்க முடியாது. சேறு அப்பிய பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதற்காகத் துடைக்கவும் முடியாது. பலகையில் இரண்டில் ஒன்று எழுதியிருந்தால்தான் வழி.

"எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைக்கவும்" என்றிருந்தால் அடையாளம் வைத்து எடுத்து, துடைத்து, அங்கேயே வையுங்கள். அங்கே என்றால் அங்கே. ஒரு விரல் தள்ளிக்கூட இல்லை.

"விரும்பிய கிடை" என்றிருந்தால் ஃபேர்வே உயரத்துக்கு வெட்டிய இடத்தில் மட்டும், கமிட்டி சொன்ன அளவுக்குள், குழிக்கு நெருங்காமல் வைக்கலாம். அளவு ஆறு அங்குலமாக இருக்கலாம், ஸ்கோர் கார்டு நீளமாக இருக்கலாம், ஒரு கிளப் நீளமாகவும் இருக்கலாம், படித்துக்கொள்ளுங்கள். இது டிராப் கிடையாது, கையால் வைப்பது. ஒரே ஒரு தடவை. வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று மறுபடி தொட்டால் அபராதம்.

எங்களிடம் உள்ள பெரிய வியாதி, அடைமழைக்குப் போட்ட இந்த விதியைப் பங்குனி வரை இழுத்துக்கொண்டு போவது. பலகையிலிருந்து அழித்த அன்றே சலுகை முடிந்தது. கிளப் நுனியால் பந்தைப் புல்மேல் உருட்டிக்கொள்வது எந்த மாதத்திலும் கிடையாது. ஆடுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து "பரவாயில்லை சார், உருட்டிக்குங்க" என்று ஒத்துக்கொண்டால் எல்லோருக்கும் தகுதிநீக்கம்.

## அறிகுறி 5: பந்தை ஒட்டி ஏதோ கிடக்கிறது

தானாக விழுந்த இயற்கைப் பொருளா, மனிதர் போட்டதா? அதைப் பொறுத்துச் செலவு மாறும்.

தென்னை மட்டை, சருகு, கல், சாணி, எறும்பு கூட்டிய மண் எல்லாம் அகற்றலாம். அகற்றும்போது பந்து அசைந்தால் ஓர் அடி, பந்தைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். பந்து மட்டையில் சாய்ந்திருந்தால் மட்டையை விட்டுவிடுவது மேல். தண்ணீர் பாட்டில், சாக்கு, ரப்பர் குழாய் என்றால் பயமில்லை. பந்து அசைந்தாலும் அபராதம் கிடையாது, திரும்ப வைத்தால் போதும்.

மணலும் உதிரி மண்ணும் இந்தக் கணக்கில் இல்லை. ஃபேர்வேயில் தள்ளக் கூடாது; கொடிக் குழியைச் சுற்றி உள்ள மட்டமான புல்தரையில், அதாவது கிரீனில், தள்ளலாம்.

தெளிப்பான் தலை, வால்வு மூடி, சிமெண்டுப் பாதை போன்ற அசைக்க முடியாதவை பந்துக்கோ, காலுக்கோ, வீச்சுக்கோ இடித்தால் இலவசம். உங்களுக்கும் குழிக்கும் நடுவே கண்ணில் உறுத்துகிறது என்பதற்குக் கிடையாது. மைதான எல்லை வேலிக்கும் கிடையாது.

பாம்பு கிடந்தால் விதிநூலை அப்புறம் பார்க்கலாம், முதலில் தள்ளி வாருங்கள். விஷப்பாம்பு, கொட்டும் தேனீ போன்ற ஆபத்துக்கு இலவச நிவாரணம் உண்டு. நல்ல பாம்பா சாரையா என்று நிரூபிக்கச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை.

## மேலே எதுவும் பொருந்தவில்லை, அடிக்கவும் முடியவில்லை

ஆழமான வெடிப்பு, கோடு இல்லை. குளம்புக் குழி, உள்ளூர் விதி இல்லை. அப்போது ஓர் அடி கொடுத்து, அடிக்க இயலாத பந்து என்று நீங்களே அறிவிக்கலாம். யார் அனுமதியும் வேண்டாம். மூன்று வழி:

பக்கவாட்டில் இரண்டு கிளப் நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல் டிராப். களிமண் தரையில் முதலில் இதைப் பாருங்கள், ஆனால் இரண்டு கிளப் தாண்டியும் வெடிப்பாகவே இருந்தால் வீண்.

குழியையும் பந்தையும் சேர்த்து நேர்கோடு பிடித்து, எவ்வளவு பின்னால் வேண்டுமானாலும் போய் அந்தக் கோட்டில் டிராப். எங்கள் ஐந்தாவது குழியில் நாற்பது அடி தூரம் பின்னால் போனால் நல்ல அறுகம்புல் தரை. தூரம் போகிறதே என்று யாரும் போக மாட்டார்கள், நான் போவேன்.

கடைசி வழி, முன்பு அடித்த இடத்துக்கே திரும்புவது. அடியும் போகும், தூரமும் போகும்.

## எப்போது கமிட்டியைக் கூப்பிட வேண்டும்

குழி யார் தோண்டியது என்பதில் கூட ஆடுகிறவர் ஒப்பவில்லை என்றால். கோடு அழிந்து எல்லை தெரியவில்லை என்றால். பந்தை ஏற்கெனவே எடுத்துவிட்டு இப்போதுதான் சந்தேகம் வருகிறது என்றால். போன் செய்துவிட்டு அங்கேயே நில்லுங்கள், பின்னால் வருபவர்களுக்கு வழிவிடுங்கள்.

ஆள் வர நேரமாகும் என்றால் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு பந்து ஆடலாம். அடுத்த அடிக்கு முன், எந்தப் பந்தைக் கணக்கில் எடுக்க விரும்புகிறீர்கள் என்று கூட ஆடுகிறவரிடம் சொல்லிவிட்டு இரண்டையும் முடியுங்கள். சொல்லாமல் விட்டால் முதலில் அடித்த பந்துதான் உங்கள் விருப்பம் என்று எடுத்துக்கொள்வோம். மேட்ச் பிளேயில் இந்த வசதி இல்லை.

வரப்போரத்தில் நண்டு வளை வந்தபோது இதுதான் நடந்தது. எலிக்குக் கொடுக்கிறீர்கள், நண்டுக்கு ஏன் இல்லை என்று ஒருவர். நண்டு புழு பூச்சி ஜாதி என்று இன்னொருவர். பின்னால் இரண்டு குழு காத்து நின்றது. நிவாரணம் கேட்டவர் இரண்டு பந்து ஆடினார், இரண்டும் ஐந்தில் முடிந்தன. ஒரே எண்ணிக்கைதானே என்று பேசாமல் கார்டைப் போட்டிருந்தால் தகுதிநீக்கம். நல்ல வேளை, கையெழுத்துப் போடுவதற்கு முன் மேசைக்கு வந்து சொன்னார். அடுத்த ஞாயிறு அந்த வரப்போரம் முழுக்கச் சுண்ணாம்புக் கோடு.